நடை நல்லது, அதுவும் டப்ளினில்

டப்ளினின் லிபர்ட்டீஸ் பகுதியில் பீர், விஸ்கி ஆலைகளை வழிகாட்டி வைக்காமல் நடந்தே சுற்றுவதற்குத் திட்டம் தீட்டுபவர்கள் பாக்கியசாலிகள். எல்லாம் கூப்பிடு தூரம்தான். நடப்பது உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொள்ளவும் வசதி.

கின்னஸில் தொடங்கலாம். 1759-இல் ஆர்தர் கின்னஸ் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுக்குக் குத்தகை எடுத்த இடம் அது, அவசரமே இல்லை. எதிரிலேயே, கின்னஸின் பழைய மின்நிலையத்துக்குள், ரோ அண்ட் கோ விஸ்கி ஆலை. பக்கத்தில் பியர்ஸ் லயன்ஸ் ஆலையோ பழைய தேவாலயத்துக்குள், கல்லறைகள் சூழ இயங்குகிறது. பாவம், மன்னிப்பு, நல்லடக்கம், மூன்றும் ஒரே வளாகத்தில். அடுத்தது டீலிங் விஸ்கி ஆலை. அங்கே போய்ச் சேரும்போது மணிவாரியாகப் போட்ட அட்டவணை யார் பையில் இருக்கிறது என்பதே விவாதமாகியிருக்கும்.

வழிகாட்டி இல்லாத உலாவுக்கு இந்த ஊரில் முன்னுதாரணமும் உண்டு. 1875 ஜூனில் இங்கே கிடங்கு தீப்பிடித்து, விஸ்கி தெருவில் ஆறாக ஓடியது. ஜனங்கள் தொப்பியில் அள்ளிக் குடித்தார்கள். 13 பேர் செத்தார்கள். நெருப்பிலோ புகையிலோ செத்தவர் ஒருவர்கூட இல்லை.