சயாம் யாத்திரை

மயிலாப்பூரில் அறுபது பிராயத்தைக் கடந்த ஒரு கிருஹஸ்தர் காசிக்குப் போகிறேன் என்றால் வழியனுப்ப நாலு பேர் வருவார்கள், அமெரிக்காவில் பெண்ணின் பிரசவத்துக்குப் போகிறேன் என்றால் பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கட்டிக் கொடுத்தனுப்புவார்கள், ஆனால் தாய்லாந்துக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாலோ, நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை வேளையில் உடன் நடக்கும் சிநேகிதர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்து, கடைசியில் வெகு மரியாதையாக, "மாமியும் கூட வராளா?" என்று விசாரிப்பார்கள்.

எனக்கும் இந்த மரியாதை குறைவில்லாமல் நடந்தது. அயுத்தயா என்றொரு புராதன ராஜதானியைத் தரிசிக்க உத்தேசம் என்று நான் விளக்க முற்பட்டபோது, ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர், "தெரியும் ஓய், அயோத்திக்குப் போற வழியிலதானே பட்டாயா இருக்கு!" என்று சொல்லி, அந்த மண்டலி முழுவதையும் ஒரு சுற்று நடையே நின்றுபோகும்படி சிரிக்க வைத்தார். வீட்டிலோ பரிகாசத்துக்கு இடமில்லை; நேரடி விசாரணைதான். "ஏன்னா, சமுத்திரம் பார்க்கணும்னா அடையாறு தாண்டினா எலியட்ஸ் பீச் இருக்கே? அதுக்கு எதுக்கு பாஸ்போர்ட்?" என்று என் சகதர்மிணி கேட்டாள். தானும் வருவது என்று தீர்மானமான பிறகே வாதம் அடங்கியது.

தியாகராய நகரில் ஒரு பிரயாண ஏஜெண்டிடம் போனேன். அவர் வைத்திருந்த திட்டத்தில் பவளத்தீவு, முதலைப் பண்ணை, ரத்தினக் கடை ஆகிய மூன்று திவ்ய க்ஷேத்திரங்களும், தினந்தோறும் மத்தியானம் தயிர்சாதமும் அடங்கியிருந்தன. அயுத்தயாவைப் பற்றி நான் பிரஸ்தாபித்ததும் அந்த இளைஞர், "அங்கே எல்லாம் இடிஞ்ச செங்கல்தான் ஸார்; அதைப் பார்க்க யாரும் காசு கொடுக்க மாட்டாங்க" என்று கருணையோடு புத்தி சொன்னார். ஆகவே ஏற்பாடுகளை நாங்களே செய்துகொண்டோம்.

செங்கல்தான், அதில் சந்தேகமில்லை. 1351-இல் ஸ்தாபிக்கப்பட்டு, நானூறு வருஷங்களுக்கு மேல் சயாமின் தலைநகராக விளங்கி, 1767-இல் பர்மியப் படைகளால் சூறையாடப்பட்டுத் தீக்கிரையான நகரத்தில் வேறு என்ன மிஞ்சியிருக்கும்? பாங்காக்குக்கு வடக்கே சுமார் எண்பது கிலோமீட்டரில், ஆறுகள் சூழ்ந்த தீவு போலக் கிடக்கும் அந்த ஊரில், மகாதாது ஆலயத்து மரமொன்றின் வேர்கள் புத்தரின் கற்சிரசு ஒன்றைப் பத்திரமாக அணைத்துக்கொண்டிருக்கின்றன. அதனோடு படமெடுத்துக்கொள்ள விரும்புகிறவர், தம் தலை அந்தச் சிரசுக்கு மேலே உயராதபடி குந்தியிருக்க வேண்டும் என்பது விதி. முழங்கால் வலியுள்ளவர்கள் பக்தியோடு கூட, தூக்கி நிறுத்த ஓர் ஆளையும் அழைத்துச் செல்வது நலம்.

பாங்காக்கில் 1782 முதல் ஆளும் வம்சத்து அரசர்கள் அத்தனை பேரும் ராமர்களே. இப்போது நடப்பது பத்தாவது ராமரின் ராஜ்யம். முதல் ராமர் காலத்தில் விரிவான காவியமாக இயற்றப்பட்ட ராமகியன் என்னும் அந்நாட்டு ராமாயணத்தை மரகத புத்தர் கோயிலின் பிராகாரச் சுவர்களில் 178 சித்திரங்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை தவறாமல் லஸ் முனை ஆஞ்சநேயரைத் தரிசிக்கும் என் மனைவி அங்கே கைகூப்பிக்கொண்டு போனாள். சேதுவை அழிக்க ராவணன் அனுப்பிய அவன் புத்திரியாகிய மச்சகன்னிகையிடம் அந்நாட்டு அனுமார் மனத்தைப் பறிகொடுத்து, ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகவும் ஆகிவிடுகிறார் என்று வழிகாட்டி விவரித்ததும், கூப்பிய கை மெல்ல இறங்கியது. ஊர் திரும்பியதும் அந்த அனுமார் சார்பில் லஸ் முனையில் ஒரு வடைமாலைப் பிராயச்சித்தம் நடந்தது.

எனக்கு நேர்ந்த தர்மசங்கடம் வேறு. பிரம்மாவின் ஐந்து சிரங்களில் ஒன்றைக் கிள்ளிக் கபாலமாக ஏந்திய பெருமானின் ஊரிலிருந்து வந்தவன், மிச்சமுள்ள நான்கு முகங்களோடு பாங்காக்கின் பிரதான நாற்சந்தியில் சாமந்தி மாலைகளுக்கும் நாட்டிய மங்கையருக்கும் நடுவே கொலுவீற்றிருக்கும் பிரம்மாவை எதிர்கொள்ளக் கூச்சப்படத்தானே வேண்டும்? எராவான் என்ற ஹோட்டலைக் கட்டும்போது விபத்துக்கள் ஓயாமல் நேர்ந்ததனால், ஜோதிடர் ஆலோசனைப்படி 1956-இல் பிரதிஷ்டை செய்தார்களாம். நம் தேசத்தில் கோயில் அரிதாகவே வாய்த்தவருக்கு அங்கே கூட்டம் நெரிகிறது. ஊர்ப் பெயரைச் சொல்லாமலே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கீரையிலும் மீன் சாற்றை வார்க்கும் தேசம் அது. ஆனால் 'ஜே' என்று எழுதிய மஞ்சள் கொடி தொங்கும் கடையில் மீனும் முட்டையும் மட்டுமின்றி வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்கமாட்டார்கள். ஏகாதசியன்றும் சாம்பார் வெங்காயத்தைத் தியாகம் செய்ய இயலாத நான், சீன வம்சத்துச் சமையற்காரர் முன்னே ஆசாரத்தில் தோற்றுப்போனேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முதல் ராமர் 1784-இல் தேவஸ்தானம் என்ற கோயிலைக் கட்டி, அதன் அருகே செந்நிறத்தில் பிரம்மாண்டமான ஊஞ்சற்கம்பம் ஒன்றையும் நாட்டினார். நம் மார்கழி தையை ஒட்டி, வெண்ணிற உடையும் முடிந்த குடுமியுமாக அரண்மனைப் புரோகிதர்கள் அங்கே திரியம்பவாய், திரிபவாய் என்று இரண்டு சடங்குகளை நடத்துகிறார்கள். முன்னது சிவனுக்கு, பின்னது நாராயணனுக்கு. அவை திருவெம்பாவை, திருப்பாவை என்று கண்டுகொள்ள மயிலாப்பூர்வாசிக்குப் பண்டிதர் உதவி தேவையில்லை. அவர்கள் ஓதும் மந்திரங்களின் கிரந்தச் சுவடிகளை ஆராய்ந்த ஜே.ஆர். மார் என்ற ஆங்கிலேயத் தமிழறிஞர் அவற்றுள் தேவாரப் பதிகங்களைக் கண்டெடுத்தார். ஊஞ்சலில் ஆகாயமளாவ ஆடிப் பணமுடிப்பைப் பல்லால் கவ்வும் பகுதியை மட்டும், விபத்துக்களின் காரணமாக 1930-களில் நிறுத்திவிட்டார்கள். ஓதுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது என்று சிலர் குறை சொல்கிறார்கள். ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டபடியே பொங்கலுக்கு வரிசையில் நிற்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்தபோது, அந்தக் குறையை வழிமொழிய எனக்குத் தைரியம் உண்டாகவில்லை.

சமுத்திரக் கரைக்கும் போனோம். பட்டாயாவுக்கு அல்ல, அந்தமான் கடலை நோக்கிய மேற்குக் கரைக்கு. காவோ லாக் என்ற இடத்தில் ஐரோப்பியர்கள், மாடியில் வடாம் காயவைப்பது போலத் தங்கள் தேகங்களைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சற்று வடக்கே தாகுவா பா. அங்கே ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது; அவனிநாரணம் என்ற குளத்தைத் தோண்டி, அதை மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் காவலில் ஒப்புவித்த செய்தியைச் சொல்வது. அவனிநாரணன் என்பது தெள்ளாறெறிந்த நந்திவர்ம பல்லவனின் விருது. அவனைத்தான் நந்திக் கலம்பகம் மயிலைக்குக் காவலன் என்று போற்றுகிறது. கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன இடத்தில் குளம் வெட்டியதோடு, அதைக் காப்பது யார் பொறுப்பு என்றும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு குளம் எந்த இலாகாவின் பொறுப்பு என்று தீர்மானமாவதற்குள் குளமே வற்றிப்போகிறது.

தெற்கே கிராபியில் இதற்கும் முந்தைய சாட்சி ஒன்று உண்டு: 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த பொற்கொல்லரின் உரைகல், மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தியாகராய நகர் நகைக்கடைக்காரர்கள் வெளிநாட்டில் கிளை திறப்பதைப் பெரிய விளம்பரம் செய்கிறார்கள். பெரும்பதன் விளம்பரமே இல்லாமல் முந்திக்கொண்டுவிட்டார்.

போக விரும்பும் அன்பர்களுக்கு: அந்த மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை மழையும் அலையும் பொல்லாதவை. நவம்பருக்குப் பின் செல்லலாம். மார்கழிச் சடங்கையும் காண வேண்டுமானால் ஜனவரியே உத்தமம். தாகுவா பா கல்வெட்டை நக்கோன் சி தம்மராத் அருங்காட்சியகத்திலும், அதனுடன் கிடைத்த விஷ்ணு சிலைகளைப் புக்கெட்டிலுள்ள தலாங் அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். ஏஜெண்டின் திட்டத்தில் இவை இரா. நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.