கூட்டல் குறியின் பணிநீக்கம்: ஓர் ஆய்வு

யோஹன்னஸ் விட்மன் 1489இல் லைப்சிக்கில் அச்சிட்ட வணிகக் கணக்கு நூலில் கூட்டல் குறி சரக்கின் மிகுதியைக் காட்ட வந்தது. அடுத்த ஐந்நூறு ஆண்டுகளில் அதை வேலையிலிருந்து நீக்கியவர் எவரும் இருந்ததாகச் சான்று இல்லை. அந்நிலை 2011இல் மாறியதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணையத் தேடலில், தேடுசொல்லின் முன் + இட்டால் அந்தச் சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பொருளாக இருந்தது. தொண்ணூறுகளில் ஆல்டாவிஸ்டா தேடுபொறியின் காலத்திலேயே இந்த வழக்கம் உண்டு, கூகுளும் ஏற்றுக்கொண்டது. அக்காலக் கூகுள் சில்லறைச் சொற்களைத் தானாகவே கழித்துவிடும். ஸ்டார் வார்ஸ் முதல் எபிசோடைத் தேடுபவர் ரோமன் ஒன்றின் முன் + இட வேண்டும் என்று அதன் உதவிப் பக்கமே சொல்லிக்கொடுத்தது. இல்லையேல் படம் கிடைக்கும், பாகம் கிடைக்காது. பின்னாளில் "நீங்கள் கேட்டது இதுவாக இருக்காது, அதுவாகத்தான் இருக்கும்" என்று தேடுபொறி முந்திக்கொள்ளத் தொடங்கியபோது, அதன் வாயை அடைக்கவும் இக்குறியே உதவியது.

2011 ஜூனில் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் பிறந்தது. அக்டோபரில் தேடலிலிருந்து + நீக்கப்பட்டது. வேண்டுமென்றால் சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு குறி இருந்த இடத்தில் இரண்டு. ஆக, உழைப்பு மிகை சரியாக 100 விழுக்காடு. நவம்பரில், நிறுவனப் பெயரின் முன் + இட்டால் அதன் கூகுள் பிளஸ் பக்கத்துக்கே நேரே கொண்டுபோய் விடும் வசதி வந்தது. அக்டோபருக்கும் நவம்பருக்கும் காரணகாரியத் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். வீட்டில் நாட்காட்டி வைத்திருப்பவர்களிடையே இருக்க வாய்ப்பில்லை.

அரை விழுக்காட்டுக்கும் குறைவான தேடல்களில்தான் அந்தக் குறி வந்தது, அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு தவறான பயன்பாடு என்பது கூகுள் தரப்பு. வலுவான வாதம்தான். ஆனால் 2018 அக்டோபரில் கூகுளே வெளியிட்ட கணக்குப்படி, கூகுள் பிளஸுக்கு வந்த வருகைகளில் 90 விழுக்காடு ஐந்து நொடிக்குள் முடிந்துபோயின. தவறாக நுழைந்து, தவறென்று உணர்ந்து, வெளியேறும் வழியைத் தேடிப் பிடிக்க ஒரு மனிதருக்கு ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகும்.

2019 ஏப்ரல் 2 அன்று பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் மூடப்பட்டது. பணிநீக்க ஆணை மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிள் டிவி பிளஸ், டிஸ்னி பிளஸ் இரண்டும் வந்து, வேலையின்றி இருந்த குறியைத் தங்கள் பெயரின் வாலில் கட்டிக்கொண்டன.

நேர்மை கருதி ஓர் எதிர்ச்சான்று. இணைச்சொற்களையும் சேர்த்துத் தேட உதவிய ~ குறியையும் கூகுள் 2013இல் நீக்கியது. கூகுள் அலைக்குறி என்று எந்தச் சேவையும் அதன்பின் வெளிவரவில்லை. இது நம் கோட்பாட்டுக்கு இடையூறு என்பதால் இதைப் பற்றி மேலும் பேசப்போவதில்லை.

கழித்தல் இன்றும் பணியில் நீடிக்கிறது. வேண்டாத சொல்லின் முன் இட்டால் போதும். கூகுள் மைனஸ் என்று பெயர் வைக்க எந்த விளம்பரக்காரரும் துணியாததே அதன் பணிப் பாதுகாப்பு. பெருக்கலை 2023 ஜூலையில் ட்விட்டர் தன் பெயராக்கிக்கொண்டது. அது குறியா எழுத்தா என்பது தனி ஆய்வுக்குரியது. வகுத்தலை இதுவரை எந்தப் பெரிய இணைய நிறுவனமும் கேட்கவில்லை. சாதாரண விசைப்பலகையில் ÷ குறிக்கென்று ஒரு விசைகூட இல்லாதது காரணமாக இருக்கலாம்.