என்ஜின் பழுதும் அளவை நூலும்

மலையில் புகை கண்டவிடத்து நெருப்பு உண்டெனத் துணிவது, அறியும் வழிகளாகிய காண்டல், கருதல், உரை எனும் மூன்று அளவைகளுள் கருதலுக்கு நூலோர் காட்டும் பழைய சான்றாகும். மாருதி 800 காரின் பின்குழாயில் எழும் புகையைப் பொறுத்தவரை, உள்ளே நெருப்பு உண்டென்பதில் எவருக்கும் ஐயமின்மையால், ஆராய்ச்சி முழுதும் புகையின் நிறத்தைப் பற்றியே செல்கிறது. நீலப் புகை, தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயில் எரிவதை உணர்த்தும். ஓயாத வெண்புகையோ, சிலிண்டர் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போய், கூலன்ட் உள்ளே இறங்கிவிட்டதை உணர்த்தும். ஆயில் கேஜ் கம்பியை உருவும்போது பால் ஊற்றிய காப்பி நிறத்தில் குழம்பு ஒட்டிவருமாயின், அது கருதல் அன்று, காண்டலேயாம்.

எஞ்சிய அளவையாகிய உரை, அதாவது நம்பத்தக்கோர் சொல், மெக்கானிக்கிடமிருந்து பெறப்படுவது. "இறக்கிப் பாத்தாத்தான் சார் சொல்ல முடியும்" எனும் அவ்வுரை எல்லாப் பட்டறைகளிலும் பாடபேதமின்றி வழங்குகிறது. ரிப்பேரா, மாற்றா எனும் வினாவுக்கு விடைதரும் அறிவு என்ஜினைப் பிரித்தாலன்றிக் கிட்டாது. பிரித்த பின்போ, கிராங்க் ஒரு சாக்கின்மேலும் வால்வுகள் டீசல் நிறைந்த தகர டப்பாவிலும் கிடக்க, வண்டியை வேறிடம் கொண்டுசெல்ல வழியின்றியும், இறக்கிய கூலியை இழக்க மனமின்றியும் நிற்கும் உரிமையாளருக்கு அவ்வினா எழுவதேயில்லை.

இவ்வாறு பெரும்பாலும் வந்து சேரும் முடிபு ரீபோர் ஆகும். தேய்ந்து வட்டம் குலைந்த சிலிண்டரைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்துவதே ரீபோர் எனப்படும். 68.5 மி.மீ. உள்விட்டமுள்ள மூன்று சிலிண்டர்களையும் கால் மி.மீ. அகலப்படுத்தினால், 796 சி.சி. கொள்ளளவு ஏறத்தாழ 802 ஆகிறது. ஷோரூமிலிருந்து புறப்பட்ட நாள்முதல் தன் பெயருக்கு நான்கு சி.சி. கடன்பட்டிருந்த வண்டி, முதுமையில்தான் அதனை வட்டியுடன் தீர்க்கிறது என்பதை இத்துறையினர் ஏனோ கவனித்ததாகத் தெரியவில்லை.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய என்ஜின் வாங்கி மாற்றுவது இரண்டாம் வழி. இக்கார் 1983 முதல் 2014 வரை உற்பத்தியானமையால் சரக்குக்குப் பஞ்சமில்லை. என்ஜின் எண் மாறுவதை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் பதிவு செய்தாக வேண்டும். "ஆக்சிடென்ட் வண்டில எடுத்தது சார், என்ஜினுக்கு ஒண்ணுமில்ல" என்பது விற்போர் கூற்று; இதன் மெய்ம்மையை அறியவும் இறக்கித்தான் பார்க்க வேண்டும், ஆனால் அது ஏற்கனவே இறக்கியே வைக்கப்பட்டிருக்கிறது.

உள்ளபடியே விற்றுவிடுவது மூன்றாம் வழி. வாங்க வருபவர் முதலில் கேட்பது என்ஜின் பிரித்ததா என்பதையே. பிரித்திருந்தால் பிரித்தமையாலும், பிரிக்காதிருந்தால் இனிப் பிரிக்க வேண்டியிருத்தலாலும் அவர் விலையைக் குறைத்தே கேட்பார்.