டார்ச்சைச் சரியாப் பிடி

"குழாய் சொட்டுது" என்று மாமாவின் காதுபட யாரும் சொல்லக் கூடாது. எங்கள் குடும்பத்துக்கு வாழவரும் மருமகள்களுக்கு முதலில் காதில் போடப்படும் சேதி இதுதான். சொட்டினால் சொட்டட்டும். அடியில் ஒரு வாளி வை, நிறைந்தால் செடிக்கு ஊற்று. வாய்தவறிச் சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

"பிளம்பரா? எதுக்கு? ஒரு வாஷர் மாத்தறதுக்கு ஐநூறு ரூபா அழுவியா? பத்து நிமிஷ வேலை."

அந்தப் பத்து நிமிஷத்தில் மாடித் தொட்டியின் கேட் வால்வு மூடப்படும். துருப்பிடித்து இறுகிப்போன வால்வு. மூடுவதற்கே அரை மணி. பிறகு குளிக்காதவர்கள் குளிக்க முடியாது. சோப்புப் போட்டுக்கொண்டு உள்ளே நிற்பவர்கள் அப்படியே நிற்க வேண்டியதுதான். வீட்டில் அத்தனை பேரும் அண்டாத் தண்ணீரைச் செம்பால் அளந்துகொண்டிருக்கையில், மாமா பாத்ரூம் வாசலில் குந்தியபடி வாழ்க்கைத் தத்துவம் சொல்வார்.

"மனுஷன்னா நாலு வேலை தெரிஞ்சிருக்கணும். அடுத்தவன் எப்ப வருவான்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் நிம்மதி கிடையாது. ஒரு வேலையைக் கையால முடிச்சுப் பாரு, அன்னிக்கு ராத்திரி தூக்கம் எப்படி வருதுன்னு."

மாமா வேலை பார்த்தது கூட்டுறவு வங்கியில். முப்பது வருஷம் பேரேடு. அவருடைய குலதெய்வம் ஜி.டி. நாயுடு. ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி நாயுடு அக்கக்காகக் கழற்றிய கதையையும், 1920-ல் ஒற்றை பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டிய கதையையும் எங்களுக்குச் சோறு ஊட்டும்போதே ஊட்டியிருக்கிறார். கழற்றியதை நாயுடு திரும்பப் பூட்டினார் என்ற பகுதியை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டார்ச்.

மாமா தனியாக ரிப்பேர் செய்யமாட்டார். "பிள்ளைங்க கத்துக்கணும்" என்று எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார். கூப்பிட்டுக் கையில் டார்ச்சைக் கொடுப்பார். ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடியும்வரை நான் கற்றது டார்ச் பிடிக்க.

லேசான வேலை என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் ஸ்பேனர் இருக்கும் இடத்தில் விழக் கூடாது, மாமாவின் கண் போகும் இடத்தில் விழ வேண்டும். கண் எங்கே போகும் என்பது மாமாவுக்கே தெரியாது. நடுவில் அவர் தலை வரும். "என் மண்டைல ஏன் அடிக்கிற? மண்டையா சொட்டுது?" தலையைச் சுற்றிக் கையை நீட்டினால் நிழல் விழும். நிழலைத் தவிர்க்க எழுந்து நின்றால், "உக்காந்து பிடி." உட்கார்ந்தால், "எட்டலை, கிட்ட வா." கிட்டே போனால் முழங்கை மூக்கில் படும். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தால் அது டார்ச் பிடித்தவர் குற்றம். வாஷரின் சைஸ் சரியில்லையா? அதுவும்தான்.

என் தம்பி மூன்று வருஷம் டார்ச் பிடித்துவிட்டு ஸ்டூல் பிடிப்பவனாகப் பதவி உயர்ந்தான். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் இரண்டரை மைக்ரோஃபாரட் கன்டென்சர் மாற்றுவார் மாமா; அந்தப் பிரிவு தம்பியுடையது. சித்தி மகளுக்குக் கழற்றிய ஸ்க்ரூவை உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளும் வேலை. எங்கள் மூவரில் ஒருவரும் ஸ்பேனரைத் தொட்டதில்லை. "இங்க பாரு, நீயே பண்ணு" என்று நீட்டுவார். கை அதன் பக்கத்தில் போகும்போது, "இரு இரு, இது கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று தானே எடுத்துக்கொள்வார்.

முதல் சம்பளத்தில் அவருக்குத் தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். விடுதலை என்று நினைத்தேன். அதை மாட்டிக்கொண்டு சுரங்கத் தொழிலாளி மாதிரி சிரித்தவர், சிங்குக்கு அடியில் தலையை விட்டதும் சொன்னார்: "ஒரு லைட்டு பத்தலை. நீயும் ஒண்ணு பிடி."

பெங்களூரில் தனி அறையில் இருந்தபோது ஒருநாள் குழாய் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. வால்வை மூடினேன், மரையைத் துடைத்தேன், வெள்ளை டேப்பைச் சுற்றினேன், குழாயை முறுக்கினேன். சொட்டவில்லை. நானே நம்பவில்லை. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"டேப்பை எந்தப் பக்கமாச் சுத்தின?"

"மரை ஏறற பக்கமா. மாத்திச் சுத்தினா முறுக்கும்போது பிரிஞ்சிடும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "டார்ச்சை யார் பிடிச்சா?"

"போனைப் பல்லால கடிச்சுக்கிட்டேன் மாமா."

அன்றைக்குத் தூக்கம் நன்றாகத்தான் வந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்ததைச் சிரிப்பாக எழுத எனக்கு வரவில்லை. இந்த மனிதர் குடித்த டம்ளரை இதுவரை கழுவியதில்லை. நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கேஸ் டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேதி பார்த்து மாற்றுவார். மாற்றியதும் சோதனைக்காக அடுப்பைப் பற்றவைப்பார், அணைப்பார். அவருக்கும் அடுப்புக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். பட்டன் தைப்பது, மாவு புளிக்கும் பக்குவம் பார்ப்பது, மாசக் கடைசியில் இருநூறு ரூபாயில் நாலு நாள் ஓட்டுவது எதுவும் அவர் சொல்லும் அந்த நாலு வேலையில் வராது. அதெல்லாம் அத்தைக்குத் தெரியும், அத்தை பார்த்துக்கொள்வாள். நாற்பது வருஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதவர், அடுப்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. நான் போய் இறங்கியபோது மாமா காபி ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு, எது மேல் பாதி, எது கீழ்ப் பாதி என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே போடுங்க மாமா, நான் சொல்லித்தர்றேன்" என்றேன். பொடியை அள்ளினார், சிந்தியது. "இருங்க, இப்படி" என்று ஸ்பூனை வாங்கினேன். பிறகு ஃபில்டரையும் வாங்கினேன். வெந்நீரையும் நானே ஊற்றினேன். திரும்பிப் பார்த்தால் அவர் கையில் பொடி டப்பாவின் மூடி மட்டும் இருந்தது. அதைச் சரியாகப் பிடிக்கும்படி சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

அரை மணி ஆகியும் டிகாக்‌ஷன் இறங்கவில்லை. மாமாவின் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு களை வந்தது. பொடியைக் கொட்டிவிட்டு ஃபில்டரின் மேல் பாதியைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாதி ஓட்டை அடைச்சிருக்கு. உங்க அத்தை ஏன் இதை என்கிட்ட சொல்லலை?"

கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே படுத்திருந்த அத்தை, "சொன்னா வருவீங்கன்னுதான்" என்றாள்.

மாமா அடுப்பைப் பற்றவைத்தார். இடுக்கியால் ஃபில்டரைக் கவ்வி, அடைத்த பொடி எரியட்டும் என்று தீயில் காட்டினார்.

"பத்து நிமிஷ வேலை" என்றார். "டார்ச்சை எடு."