கீழ்செட் படுத்தும் பாடு

பல்செட்காரர் வீட்டில் யாராவது 'இம்பிளான்ட்' என்று வாயெடுத்தால் போதும், ஆளாளுக்கு நிபுணர். "இந்த வயசுல எதுக்குப்பா?" என்பார் மகன், எஸ்டிமேட்டைப் பார்த்தவர் அவர்தான். "தாத்தா முறுக்கு கடிக்கட்டுமே!" என்பாள் பேத்தி, அவள் பார்க்கவில்லை.

மேல்செட் அண்ணத்தைக் கவ்வி எப்படியோ நின்றுவிடும். கலகமெல்லாம் கீழ்செட்டில்தான். நாக்கு ஒருபக்கம் தள்ளும், கன்னம் மறுபக்கம் தள்ளும். பந்தியில் அப்பளத்தைக் கடித்தால் அப்பளம் ஜெயிக்கும். போதாக்குறைக்கு, பல் போன தாடையெலும்பு வருஷா வருஷம் கரையும். போன தீபாவளிக்குப் பொருந்திய செட் இந்தத் தீபாவளிக்கு ஆடும்.

இதற்கு வழியாகச் சொல்லப்படும் இம்பிளான்ட், தாடையெலும்பில் இறக்கும் டைட்டானியம் திருகு. டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்வதை 1952-இல் முயல் காலில் கண்டவர் ஸ்வீடனின் பிரோனமார்க். 1965-இல் அது மனிதர் வாய்க்கு வந்தது. நம் பெரியவரின் தாடைக்கு வர இன்னும் நாளாகும்: சர்க்கரை இறங்க வேண்டும், சிகரெட் ஒழிய வேண்டும், எலும்பு போதாவிட்டால் ஒட்டு வைக்க வேண்டும் (அதற்குத் தனி பில்). திருகு எலும்போடு சேர மூன்று முதல் ஆறு மாதம். அதுவரைக்கும் பெரும்பாலும் அதே பல்செட்தான்.

நடுவழி ஒன்று உண்டு. கீழே இரண்டே திருகு, மேலே பட்டன் போல மாட்டும் செட். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வு என்று 2002-இல் மாண்ட்ரியலில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். ஆடாது, செலவும் குறைவு. மகனுக்கு உடனே பிடித்துப்போயிற்று. பெரியவர்தான் முறைக்கிறார்: "இவ்வளவு கொட்டியும் ராத்திரி டம்ளர்லதான் போடணுமா?"