ஐந்து கோடி பவுண்டுக்கு ஒரு நன்றி மடல்

பெறுநர்: மேன்மை தங்கிய பிரீமியர் லீக் சமூகம், லண்டன்.

பொருள்: கீழ்ப் பிரிவு கால்பந்து கிளப்புகளைக் கொரோனாவில் சாகாமல் காத்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

நன்றி இவ்வளவு தாமதமாக வருகிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம். தங்கள் உதவியும் அப்படித்தான் வந்தது.

நான் எந்தக் கிளப்புக்கும் பங்குதாரன் அல்ல. சென்னையில் சந்தா கட்டி, நடுநிசி தாண்டியும் கண் விழித்துத் தங்கள் ஆட்டங்களைப் பார்க்கும் கூட்டத்தில் ஒருவன். எங்களைப் போன்றவர்களின் பணமும் தங்கள் கல்லாவில் விழுகிறது என்பதால், அதிலிருந்து எடுத்துத் தானம் செய்ததற்கு நன்றி சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

2020 மார்ச் 13 அன்று இங்கிலாந்தில் கால்பந்து நின்றது. தங்களுக்கு நின்றது ஆட்டம். மூன்றாம், நான்காம் பிரிவுகளான லீக் ஒன், லீக் டூ கிளப்புகளுக்கு நின்றது வரும்படி. சனிக்கிழமை வாசலில் விற்கும் டிக்கெட், உள்ளே விற்கும் மீட் பை, டீ, பீர், இடைவேளைக் குலுக்கல் சீட்டு, மற்ற நாட்களில் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாடகைக்கு விடும் ஹால் என்று சில்லறை சில்லறையாகச் சேர்த்துத்தான் அவர்கள் சம்பளம் போட்டார்கள். டிவி பணம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அப்போது தங்களுக்குக் கீழேயுள்ள இ.எஃப்.எல். அமைப்பின் 72 கிளப்புகளுக்கும் சேர்த்து ஐந்து வருடத்துக்கு 59.5 கோடி பவுண்டு. தங்கள் 20 கிளப்புகளுக்கு மூன்றே வருடத்துக்கு, உலக உரிமையும் சேர்த்து, சுமார் 900 கோடி. எனக்குக் கணக்கு சுமார்தான். தங்களிடம் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், வகுத்துப் பார்த்துக்கொள்ளவும்.

அந்த இக்கட்டிலும் தாங்கள் காட்டிய சிக்கனம் மறக்கக்கூடியதல்ல. ஆட்கள் வேலையிழக்காமலிருக்க அரசாங்கம் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, கொடுத்தது. கீழ்ப் பிரிவுகளில் ஆட்டக்காரர்களே அந்த வரிசையில் நின்றார்கள். அதே வரிசையில் தங்கள் கிளப்புகளான டாட்டன்ஹாமும் லிவர்பூலும், ஆட்டக்காரர் அல்லாத தம் ஊழியர்களுக்காக, வந்து நின்றதைக் கண்டு ஊரே வாய் பிளந்தது. லிவர்பூல் இரண்டு நாளில் வெட்கப்பட்டு விலகியது. டாட்டன்ஹாமுக்கு வெட்கம் வர இரண்டு வாரம் ஆனது.

ஜூன் 17 அன்று தாங்கள் ரசிகர்கள் இல்லாமலே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டீர்கள். டிவியில் கூட்டத்தின் சத்தத்தைக்கூட ரெக்கார்டு போட்டுச் சேர்த்தார்கள். லீக் டூவில் அப்படிச் செய்தால் செலவு மட்டும் வரும், வரவு வராது. அதனால் அதற்கு முந்தைய வாரமே அந்த இரண்டு பிரிவுகளும் ஓட்டுப் போட்டு, ஆடிய ஆட்டங்களின் சராசரியை வைத்துப் பட்டியலை முடித்து, கதவைச் சாத்திக்கொண்டன. மே மாதமே நாடாளுமன்றக் குழுவின் முன் இ.எஃப்.எல். தலைவர் ரிக் பாரி சொல்லிவிட்டார்: செப்டம்பருக்குள் 20 கோடி பவுண்டு பள்ளம் விழும். சொன்னவர் வெளியாள் அல்ல. 1992இல் தாங்கள் பழைய லீக்கிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனபோது தங்களுக்கு முதல் தலைமை நிர்வாகியாக இருந்தவரே அவர்தான்.

பள்ளம் சொன்ன தேதிக்கே வந்தது. 1874இல் பிறந்த மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் கிளப்பை, 2020 செப்டம்பர் 16 அன்று லண்டன் நீதிமன்றம் இழுத்து மூட உத்தரவிட்டது. மொத்தக் கடன் 5 லட்சம் பவுண்டுக்கு மேல். அதில் வரிப் பாக்கி ஏறத்தாழ 1.9 லட்சம், அதாவது தங்களிடம் ஆடும் பெரிய நட்சத்திரம் ஒருவரின் ஒரு வாரச் சம்பளம். நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: அங்கே சம்பளப் பாக்கியும் அதற்காகப் புள்ளி வெட்டும் கொரோனாவுக்கு முன்பே தொடங்கிவிட்டன. முந்தைய ஆண்டு லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பெரி கிளப், எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்ற கிளப், எந்த வைரஸும் இல்லாமலே போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டு சாவையும் தங்கள் தலையில் கட்ட மாட்டேன். காய்ச்சலில் கிடந்தவர்களைத் தாங்கள் எட்டிப் பார்த்த அழகைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

அந்தக் கோடையில் பஞ்சமோ பஞ்சம் என்று புலம்பிக்கொண்டே தங்கள் கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்க 120 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தன. ஆர்சனல் 55 ஊழியர்களை வேலையிலிருந்து நீக்குவதாக ஆகஸ்டில் அறிவித்தது. அக்டோபர் 5 அன்று, குழந்தைகளுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த கன்னர்சாரஸ் என்ற பச்சை டைனோசர் பொம்மைக்குள் இருந்தவருக்கும் வேலை போனது என்று செய்தி வந்தது. அதே நாளில் ஏறத்தாழ 4.5 கோடி பவுண்டுக்கு ஒரு நடுக்கள ஆட்டக்காரர் வந்து இறங்கினார். டைனோசரின் சம்பளத்தை நானே கொடுக்கிறேன் என்று ஆர்சனல் ஆட்டக்காரர் மெசூட் ஓசில் சொல்ல வேண்டியிருந்தது.

சரியாக அந்த வாரத்தில்தான் தங்கள் கிளப்புகள் இரண்டு, லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும், ஒரு திட்டத்தோடு வந்தன. கீழே உள்ளவர்களுக்கு உடனடியாக 25 கோடி, இனி வரும் டிவி வருமானத்தில் கால் பங்கு. பதிலுக்கு, நீண்டகாலமாக இருக்கும் ஒன்பது கிளப்புகளின் கையில் ஓட்டதிகாரம், அதிலும் ஆறு பேர் கூடினாலே போதும். சாகக் கிடப்பவனிடம் மருந்தைக் காட்டிப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிற வித்தை இது. ரிக் பாரியே ஆதரித்தார், பாவம், அவருக்குப் பசி. மூன்றே நாளில் தாங்கள் அதை நிராகரித்தீர்கள். ஓட்டைப் பறிக்கும் பகுதியை நிராகரித்தது நியாயம். கால் பங்கு என்ற பகுதியையும் அதே குப்பைத் தொட்டியில் போட்டதுதான் தங்கள் சாமர்த்தியம்.

பதிலுக்குத் தாங்கள் நீட்டியது லீக் ஒன், லீக் டூவின் 48 கிளப்புகளுக்கு 5 கோடி, அதில் பாதிக்கு மேல் கடன். ஏறக்குறைய அந்த ஒரே ஒரு நடுக்கள ஆட்டக்காரரின் விலை. அவர்கள் வேண்டாம் என்றார்கள். இன்னும் ஒன்றரை மாதம் பேச்சு நடந்து, டிசம்பர் 3 அன்று முடிவானது: லீக் ஒன், லீக் டூவுக்கு அதே 5 கோடி, இம்முறை மானியமாக. அதிலும் 2 கோடி கண்காணிப்புக்கு உட்பட்டது. மேலேயுள்ள சாம்பியன்ஷிப் பிரிவுக்கு 20 கோடி வரை கடன் ஏற்பாடு. 120 கோடியைக் கண்ணை மூடிக்கொண்டு செலவழித்தவர்கள், கீழே ஒருவன் வாங்கும் மானியத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்வதை நிதி ஒழுக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

லீக் டூ கிளப் ஒன்றுக்கு உறுதியான குறைந்தபட்சப் பங்கு 2.5 லட்சம் பவுண்டு. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி 10 அன்று, எட்டாம் படியில் ஆடும் மரைன் என்ற கிளப்பின் மைதானத்துக்கு எஃப்.ஏ. கோப்பைக்காக டாட்டன்ஹாம் வந்தது. கிராஸ்பியில் உள்ள அந்த மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க வீடுகளின் கொல்லைப்புறம். உள்ளே ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. கொல்லை வேலிக்கு மேலே தலையை நீட்டி ஜனங்கள் பார்த்தார்கள். மரைன் உட்கார இடமே இல்லாத டிக்கெட்டைத் தலா 10 பவுண்டுக்கு விற்றது. வாங்கியவர்களைக் குலுக்கி ஒருவரை ஒரு நட்பு ஆட்டத்துக்கு மேலாளராக்குவோம் என்றது. 30,000க்கு மேல் விற்றுத் தீர்ந்தது, வாங்கியவர்களில் எதிரணி ரசிகர்களும் ஏராளம். மரைன் ஐந்து கோல் வாங்கித் தோற்றது. கணக்குப் பார்த்தால் 3 லட்சம் பவுண்டுக்கு மேல். எட்டு மாதம் ஆலோசித்து ஒரு கிளப்புக்குத் தாங்கள் உறுதியளித்ததைவிட, முகம் தெரியாத ரசிகர்கள் சில நாட்களில் கொடுத்தது அதிகம்.

மூன்று மாதம் கழித்துத் தங்கள் ஆறு பெரிய கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனிப் போட்டிக்கு மூட்டை கட்டியபோது, எந்த ஊர் ரசிகனும் தன் அணி உச்சிக்கு ஏறும் என்று கனவு காணும் உரிமையை இவர்கள் அழிக்கிறார்கள் என்று அறிக்கை விட்டீர்கள். தொட்டால் அழுதுவிடும் அறிக்கை. 1992இல் அதை யாராவது தங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

தாங்கள் எதிர்த்தும் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, சுயேச்சையான கண்காணிப்பாளர் வந்துவிட்டார். சட்டம் வந்த நாள்வரை தங்களுக்கும் இ.எஃப்.எல்.லுக்கும் இடையே புதிய வருமானப் பங்கீட்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகவில்லை. அந்தக் கையெழுத்தை, இன்னொரு கிளப்பை நீதிமன்றம் மூடுவதற்கு முன்பு போட்டுத்தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தாப் பாக்கி வைக்காத ரசிகன்,
சென்னை.