பம்ப்செட் ஊரில் ஒரு மந்திரவாதி

1956 ஏப்ரலில் பி.பி.சி. தொலைக்காட்சியில் மந்திரவாதி பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை மேஜைமேல் படுக்கவைத்து, மின்ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். பிறகு அவள் கையைத் தேய்த்து எழுப்பிப் பார்த்தார். எழவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். அந்த நேரம் பார்த்துத் தொகுப்பாளர் குறுக்கே வந்து, நிகழ்ச்சி முடிந்தது என்று வணக்கம் சொல்லிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த சனம் பதறிப்போய் நிலையத்துக்குப் போன் மேல் போன் போட்டது. அந்தப் பெண் உயிரோடுதான் இருந்தாள். சர்க்கார் ஒரே ராத்திரியில் உலகப் புகழ் பெற்றார்.

இதையே அவர் கோயம்புத்தூரில் செய்திருந்தால் ஒரு போன்கூட வந்திருக்காது. முன்வரிசையிலிருந்து நாலு பேர் எழுந்துபோய் பிளேடைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எத்தன ஹெச்.பி. மோட்டாருங்க?" என்று விசாரித்திருப்பார்கள்.

ஊரின் வார்ப்பு அப்படி. இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவதை 1937-ல் ஜி.டி. நாயுடுவும் கூட்டாளிகளும் இங்கேதான் செய்தார்கள். அதற்கும் முன்னால், 1905-ல், சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராக டென்ட் அடித்துச் சலனப்படம் காட்டினார். வெள்ளைத் துணியில் ரயில் ஓடுவதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் மிரண்டிருக்கலாம். எங்கள் ஆட்களில் ஒருவராவது திரைக்கு முதுகைக் காட்டி, மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் என்பது என் ஊகம்.

இப்படிப்பட்ட ஊரில் நான் ஏன் மேஜிக் செய்யப் போனேன் என்றால், தாய்மாமன் ஆனதால். மொட்டை அடிக்க மடி, காது குத்த மடி, அப்புறம் சீர் என்று நீளும் பட்டியலில், மருமகனின் ஏழாவது பிறந்தநாளுக்கு என் தங்கை இன்னொன்றைச் சேர்த்தாள். மேஜிக் ஷோ நடத்துகிறவர்கள் சொன்ன ரேட்டைக் கேட்டுவிட்டு, "அண்ணா, நீங்கதான் ரப்பர் பேண்டை ஒரு விரல்ல இருந்து இன்னொரு விரலுக்குத் தாவ வெப்பீங்கல்ல, அதையே கொஞ்சம் பெருசாப் பண்ணுங்க" என்றாள். ரப்பர் பேண்டைப் பெருசாக்கினால் அது சைக்கிள் ட்யூப். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

வித்தையின் ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது மந்திரவாதிகளின் தர்மம். அது என்னைக் கட்டாது. நான் சொல்வதற்கு முன்பே கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

ஆன்லைனில் வாங்கிய பெட்டியில் முக்கியமான உருப்படி ஒரு பிளாஸ்டிக் கட்டைவிரல். உள்ளே பொள்ளல். நம் விரலின்மேல் உறையாக மாட்டிக்கொண்டு, அதற்குள் சின்னப் பட்டுத்துணியைத் திணித்தால் துணி மாயம். திரும்ப உருவினால் வெறுங்கையில் துணி முளைக்கும். உலகம் முழுக்க மேஜிக்காரர்களுக்குச் சோறு போடுகிற விரல் அது. ஆனால் எந்தத் தேசத்து விரலை அளவெடுத்தார்களோ, எனக்கு வந்தது நல்ல ரோஜா நிறம். என் கையோ சித்திரை வெயிலில் டூ வீலர் ஓட்டுகிற கை. தங்கையின் பவுண்டேஷன் கிரீமை எடுத்துப் பூசிப் பார்த்தோம். ரோஜா நிறம் போய், வெந்நீர் பட்டுத் தோல் உரிந்த நிறம் வந்தது. துணியை மாயமாக்கிவிட்டு இரண்டு கைகளையும் கம்பீரமாக விரித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பொடிசு, "மாமா, கட்டவெரல்ல அடிபட்டிருச்சுங்களா?" என்றது. அதன் அம்மா கைப்பையில் பேண்டேஜ் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்தது ரசாயன வித்தை. ஒரு கண்ணாடி டம்ளரில் மஞ்சள் தண்ணீர், இன்னொன்றில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். மந்திரம் சொல்லி ஒன்றை மற்றதில் ஊற்றினால் இரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் பழைய நிறத்துக்கே திரும்பும். வேறு எங்காவது செய்திருந்தால் கைதட்டல் வந்திருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சளின் சொந்தக்காரர்களான ஈரோட்டு உறவுகள் இரண்டு வரிசைக்கு உட்கார்ந்திருக்கும்போது இதைச் செய்யத் தனித் துணிச்சல் வேண்டும்.

தண்ணீர் சிவந்ததுமே அப்பத்தா எழுந்துவிட்டது. "ஏங்கண்ணு, ஆலாத்திக் கலக்கறதுன்னா முன்னாடியே சொல்றதில்லையா? டம்ளர்லயா கலக்குவாங்க?" என்று சொல்லி, சிவப்புத் தண்ணீரை அப்படியே ஒரு தாம்பாளத்தில் ஊற்றி, வெற்றிலை ஒன்றை மிதக்கவிட்டு, அதன்மேல் சூடம் பொருத்தியது. பிறந்தநாள் பையனைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து மூன்று சுற்று. நெற்றியில் ஒரு பொட்டு. தட்டில் விழுந்த காசையெல்லாம் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மிச்சத்தை வாசலில் கொட்டப் போய்விட்டது. எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு நான் நின்றேன். யாரோ அதை ஜூஸுக்கு என்று உள்ளே எடுத்துப் போனார்கள். அன்றைய நிகழ்ச்சியிலேயே வசூல் ஆன ஒரே அயிட்டம் அந்த ஆலாத்திதான்.

தண்ணீரை மறையவைக்கும் வித்தையும் வைத்திருந்தேன். ஒளி ஊடுருவாத கப்பின் அடியில் வெள்ளைப் பொடி கொஞ்சம். தண்ணீர் ஊற்றி, பேச்சுக் கொடுத்து நேரத்தைக் கடத்திவிட்டுக் கப்பைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. பொடி அவ்வளவு தண்ணீரையும் குடித்து ஜெல் ஆகி அடியில் ஒட்டிக்கொள்ளும். கைக்குழந்தை வைத்திருந்த பெண்கள், "டயப்பருக்குள்ள இருக்கிறதுங்க அது" என்றார்கள். பொள்ளாச்சிப் பெரியப்பா கப்பை வாங்கி விரலை விட்டு நோண்டினார். "இந்த மாதிரி ஒண்ணத்தான், ஈரம் நிக்கும், தென்னைக்கு வேர்ல போடுங்கன்னு சொல்றாங்க. கிலோ என்ன வெலைக்கு வாங்குன?" என்றார். நான் கிலோக் கணக்கில் வாங்கவில்லை என்றதும் என்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

குழந்தைகள் வாயைப் பிளந்தது பலூனில் ஊசி குத்தியதற்கு. முடிச்சுப் பக்கத்திலும் உச்சியிலும் ரப்பர் அவ்வளவாக இழுபட்டிருக்காது. அங்கே குத்தி அங்கே வெளியே எடுத்தால் வெடிக்காது. இந்த நுணுக்கத்தை விளக்கி முடிப்பதற்குள் அத்தனை வாண்டுகளும் பல்குச்சியை எடுத்துக்கொண்டு கேக் மேஜைக்குப் பின்னால் இருந்த பலூன் வளைவின்மேல் பாய்ந்துவிட்டன. தீபாவளி மாதிரி இருந்தது. வளைவு வாடகை.

கடைசியாக என் துருப்புச்சீட்டு. டம்ளர் நிறையத் தண்ணீர், வாயில் ஒரு கெட்டி அட்டை, தலைகீழாகக் கவிழ்த்துக் கையை எடுத்தால் அட்டையும் விழாது, தண்ணீரும் கொட்டாது. கொட்டவில்லை. நிசப்தம். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக் கணபதியில் பம்ப் பட்டறை. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"காத்துப் பிரஷர் கீழிருந்து தாங்குது மாப்ள. இத வெச்சுத்தான எங்க பொழப்பே ஓடுது" என்று ஆரம்பித்தார். "கணக்குக்குத் தண்ணி முப்பத்திமூணு, முப்பத்திநாலு அடி வரைக்கும் ஏறோணும். ஆனா கெணத்துல இருவத்தஞ்சு அடிக்கு மேல எந்தக் கொம்பன் மோட்டாரும் இழுக்காது. அதனாலதான் தண்ணி எறங்க எறங்க, கெணத்துக்குள்ள மேடை கட்டி மோட்டாரக் கீழ எறக்குனோம்." அங்கிருந்து ஜெட் பம்ப், கம்ப்ரசர், சப்மெர்சிபிள் என்று போய், திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி தாண்டி ஓட்டை போட்டும் புகை மட்டும் வந்த கதை வரை வந்தார். கூட்டம் வாய்மூடிக் கேட்டது. அவரவர் போரில் எத்தனை அடியில் தண்ணீர் என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றிருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

மேஜிக்கின் மானத்தைக் காப்பாற்ற ஒரு சரித்திரக் கதையை எடுத்துவிட்டேன். 1856-ல் பிரெஞ்சு அரசாங்கம் ராபர்ட் ஹூடின் என்ற மந்திரவாதியை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அவர் ஒரு சின்னப் பெட்டியை மேடையில் வைத்து, பலசாலி ஒருவனைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார். முதலில் தூக்கினான். 'உன் பலத்தைப் பிடுங்கிவிட்டேன்' என்றார். அப்புறம் அசைக்கவே முடியவில்லை. மேடைக்கு அடியில் மின்காந்தம். போதாததற்குக் கைப்பிடி வழியாக ஷாக்கும் கொடுத்தார்.

சித்தப்பா கண்ணை மூடி யோசித்தார். "அந்தக் காலத்துல பேட்டரி வெச்சுத்தான் ஓட்டியிருப்பான். நல்ல வைண்டிங்கு போட்டிருக்கான், அது சரி. ஆனா ஷாக் அடிச்சுதுங்கறீங்க பாருங்க, அது தப்பு. எர்த் பண்ணாம உட்டிருக்காங்க."

பந்தி போட்டார்கள். அரிசிம்பருப்புச் சாதமும் அப்பளமும் முடித்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து என் சட்டைப்பையில் இருந்த பிளாஸ்டிக் விரலை எடுத்தது. சித்தப்பாதான். வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கம் பார்த்து, நகத்தால் தட்டினார். தன் பையிலிருந்து வெர்னியரை எடுத்து முதலில் அதை அளந்தார். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு அளந்தார்.

"வால் திக்னஸ் ஜாஸ்தி, அதான் துருத்திட்டுத் தெரியுது. நம்ம சிநேகிதன் ஒருத்தன் மோல்டிங் வெச்சிருக்கான், ஜாப் ஒர்க்காவே பண்ணிரலாம். டை செலவு உங்களுது. மாநெறம், கறுப்பு, செவப்புன்னு மூணு கலர்ல அடிச்சுத் தந்தர்றேன். ஆனா ஆயிரம் பீஸாச்சும் எடுக்கோணும் மாப்ள. ஜி.எஸ்.டி. தனி."